குழியின் அளவு

வீட்டைக் காலி செய்ய இன்னும் ஒன்பது நாள்.
பத்து மாத வாடகை பெள்ளியப்பாவின் கையில்.
எல்லாம் சரி என்றார்:
சுவர், குழாய், மின்விசிறி, பால்கனி வலை.
அந்த ஓவன் மட்டும் ஓட வேண்டும்.
தேச்சம்மா டிசம்பர் தோறும்
அதில்தான் ப்ளம் கேக் சுட்டாள்,
பென்சன் டவுனில் பாதிக்கு மணக்கும்.

ஆறு வருஷத்தில் நான் அதைச் சூடாக்கியதே இல்லை.
எனக்கு அது சுவரில் பதித்த அலமாரி.
இரண்டு வாணலி, ஆப்பச்சட்டி,
கைப்பிடி ஆடும் குக்கர்,
கல்யாணத்தில் யாரோ கொடுத்த இட்லிக் கொப்பரை.
எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டுக்
குமிழைத் திருகினேன்.
விளக்குகூட எரியவில்லை.

சிவாஜிநகர் முபாரக்குக்கு எழுதினேன்.
‘அவன் மாடல் என்ன? அவன் வயசு என்ன?’
கடைப் பலகைகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.
பெயர் தெரியாத, வயது தெரியாத ஒருத்தனோடு
ஆறு வருஷம் இருந்திருக்கிறேன்.

கதவைத் திறந்து பக்கச் சட்டத்தில் பார்க்கச் சொன்னார்.
இருந்தது, விரல் அகலத் தகடு.
நான்தான் தேய்த்துத் தேய்த்து அழித்திருக்கிறேன்.
விபூதியைப் பள்ளங்களில் தடவி
போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்
எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது.
கடைசி எண் எட்டா மூன்றா
என்று மட்டும் தெரியவில்லை.
இரண்டையும் அனுப்பினேன்.

‘ரெண்டுமே இப்ப வர்றதில்ல மேடம். புதுசுதான்.
அளவு சொல்லுங்க.’
595 என்றேன்.
‘அது முகம். முகம் எப்பவும் பெருசாத்தான் இருக்கும்.
குழியைச் சொல்லுங்க.
அதுக்கு வெளிய இழுக்கணும்.
முதல்ல மெயினை அணைச்சிருங்க, ஷாக் அடிக்கும்.’

அணைத்தேன். ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்கலோடு நின்றது.
பக்கத்துக்கு இரண்டு திருகாணி.
மாடி வீட்டு எல்டன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
ஸ்டூலின் மேல் மடித்த போர்வை.
வந்துவிட்டான்.

குழிக்குள் தலையை நுழைத்தேன்.
மரத்தூள். பல்லி முட்டை ஓடு.
தச்சர் பென்சிலால் போட்ட ஒரு கழித்தல் கணக்கு,
அதிலும் ஒன்று தப்பு.
‘மேல, நடுவுல, கீழ, மூணு இடத்துல அளங்க.
எது சின்னதோ அதை மட்டும் சொல்லுங்க.’
மேலே 564. நடுவில் 562. கீழே 558.
ஆழம் பார்க்க ஓவனின் பின்பக்கம் போனபோதுதான்
கண்ணில் பட்டது:

வயர் சுருட்டியபடியே இருந்தது,
கம்பெனி போட்ட பிளாஸ்டிக் முடிச்சோடு.
முனையில் ப்ளக் இல்லை.
சுவரில் பாயிண்ட் வரவேண்டிய பெட்டியைச்
சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள்.

‘போட்டோ எடுங்க ஆன்ட்டி,’ என்றான் எல்டன்.
‘டெபாசிட் தப்பிச்சது.’
எடுத்தேன். தெளிவாகவே விழுந்தது.

பேக்கரிப் பெட்டியிலிருந்து தட்டுக்கு மாற்ற
எவ்வளவு நேரம் ஆகும்,
இரண்டு நிமிஷம்?
சமையலறைக் கதவை எதற்குச் சாத்தினாய் என்று
எந்தப் புருஷன் கேட்டிருக்கிறான்.
இல்லை, வேறு ஏதோ வீட்டின் மணத்தை
இந்த வீட்டில் வைத்துவிட்டாரோ.

அவரே கூப்பிட்டார்.
‘அளந்துட்டீங்களா?’
போனில் படம் திறந்தே இருந்தது,
கட்டைவிரல் அதன் மேல்.
‘கீழே ரெண்டு மில்லி குறையுது சார்.
மரத்தைச் சீவணுமாம்.’
‘இருக்காதே,’ என்றார்.
‘அவ அளந்துதான் வாங்கினா.’

ராத்திரி தோசை வார்த்து முடித்து,
கல்லை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு ஹாலுக்குப் போய்,
போர்வை மேல் உட்கார்ந்திருந்த அவனைத் திறந்து
உள்ளே வைத்தேன்.
கல்லில் இன்னும் சூடு இருந்தது.